கம்பி வேகும் நேரம்

பாஸ் கிடாருக்குப் புதுக் கம்பி ஒரு செட்
பெரிய சந்தையில் நாற்பது டாலர் என்றான் பபூலு.
ஜப்பான் சரக்காம்.
அட்டையில் ஜப்பானுக்கே எழுத்துப் பிழை.
போன தடவையும் இதே அட்டை, இதே சத்தியம்.
மூன்றாம் பாட்டில் முறுக்கு அவிழ்ந்து
தடித்த கம்பி செத்த பாம்பாய்த் தொங்கியது.
வேண்டாம் என்றேன்.
முப்பது என்றான். இருபத்தைந்து.
கின்ஷாசா வெயிலில் பேருந்து ஏறும்வரை
விலை என் பின்னாலேயே இறங்கி இறங்கி வந்தது.

ஆகவே இன்று சமையல் நாலு கம்பி.
ஒவ்வொன்றாய்த் தளர்த்திக் கழற்றி
வளையமாய்ச் சுருட்டி
ஃபூஃபூ கிண்டும் பானையில் போட்டேன்.
பானை என்னுடையது. அடுப்புக்கரி என்னுடையது.
தண்ணீர் மட்டும் இல்லை.
முற்றத்துக் குழாய்க்குப் பூட்டுப் போட்டிருப்பவள்
பக்கத்து அறை ஒர்த்தான்ஸ்.
மூன்று மாதப் பங்குப் பணம் பாக்கி,
மூன்று மாதமாய்ப் பேச்சுமில்லை.
விடியுமுன், அவள் பூட்ட மறந்த ஒரு நிமிடத்தில்,
ஒரு வாளி.
அவ்வளவுதான் எடுத்தேன்.

பத்து நிமிடம் கொதித்ததும்
மேலே மிதந்தது இரண்டு வருட விரல் அழுக்கு:
சனிக்கிழமை மதுக்கடையும் ஞாயிறு ஆராதனையும்
பிரித்துச் சொல்ல முடியாத ஒரே நுரையாய்.
எட்டிப் பார்த்த பொடியன்
என்ன கறி என்றான்.
விலாங்கு என்றேன்.
தட்டெடுக்க ஓடினான்.

துணிக்கொடியில் காயவைத்து மறுபடி பூட்டினால்
கழுத்து வில்லாய் வளைந்திருக்கிறது.
மழைக்காலம் முழுதும் மரம் குடித்த ஈரம்.
முதல் பிரெட்டையும் கடைசியையும் அழுத்திப் பிடித்தேன்:
நடுவில் ஒரு நாணயமே நுழைகிறது.
தேர்தலில் தோற்ற வேட்பாளரின்
விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும்.
சைக்கிள் கடையில் இரவல் வாங்கிய ஆலன் சாவி.
கால் சுற்று. நிறுத்தி, மூச்சு விட்டு,
இன்னொரு கால்.
அதற்கு மேல் திருகினால் பேராசை;
ராட் உடைந்த கழுத்தை
எந்தப் பானையிலும் வேகவைக்க முடியாது.

அப்போது மின்சாரம் போனது.
ஆம்ப் ஊமை. போனில் ட்யூனர் இருந்தது,
போனில் சார்ஜ் இல்லை.
பன்னிரண்டாம் பிரெட்டில் தொட்டால் ஒரு சுரம்,
அழுத்தினால் அதே சுரம் வரவேண்டும்.
இந்தக் கிசுகிசுப்பில் யாருக்குக் கேட்கும்?
கிடாரின் தலையை
இரு அறைக்கும் நடுவிலிருக்கும் ப்ளைவுட் தட்டியில்
அழுத்தி வைத்துத் தட்டினேன்.
தட்டி முழுதும் பேசியது.

மறுபக்கம் ஒரு இடி.
திட்டுக்குத் தயாரானேன்.
"அழுத்தினது ஏறி நிக்குது,"
என்றாள் ஒர்த்தான்ஸ்.
ஆராதனைக் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவள்,
பாதிரியாரின் ஆமெனையே
சுருதி தப்பென்று திருத்தியவள்.
பிரிட்ஜ் ஸ்க்ரூவைப் பின்னுக்கு இழுத்தேன்.
"இப்போ?"
"இன்னும்."
"இப்போ?"
பதில் இல்லை. ஒரே ஒரு தட்டு.
அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படியே நாலு கம்பியும், இருட்டில்,
முகம் பார்க்காமல்.
கடைசிக் கம்பி மட்டும் அரை மணி நேரம் அடம்பிடித்தது.
அது முடிந்ததும் அவளே கேட்டாள்:
"என் தண்ணி கொதிச்சு முடிஞ்சுதா?"

பபூலுவிடம் கொடுக்காத பணத்தில் பத்தை
தட்டிக்குக் கீழே தள்ளினேன்.
உடனே இழுத்துக்கொண்டாள்.
ஒரு மாதம் கழிந்தது,
இரண்டு பாக்கி.

மின்சாரம் வந்தது.
ஆம்ப் நாயைப் போல உறுமியது.
எர்த் எங்கோ விட்டிருக்கிறது;
அதற்கு ஈயம் வேண்டும், சோல்டரிங் அயர்ன் வேண்டும்.
பொடியன் இன்னும்
வாசலில் தட்டோடு நிற்கிறான்.